செடிக்கு உணவு புட்டியில் இல்லை

கேள்வி: கூடத்தின் மூலையில் வைத்திருக்கும் தொட்டிச் செடிக்கு, ‘செடி உணவு’ என்று எழுதப்பட்ட திரவத்தைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை தவறாமல் ஊற்றிவருகிறேன். ஆனாலும் தண்டு மட்டும் நீண்டுகொண்டே போகிறது. இலைகள் சிறுத்து வெளிறுகின்றன. வாங்கிய இடத்தில் கேட்டால், உணவு போதவில்லை, அளவை இரண்டு மடங்காக்குங்கள் என்கிறார்கள். இல்லாவிட்டால் வெளிச்சமே இல்லாமல் இரவில் உணவு தயாரிக்கும் கள்ளி வகை ஒன்று இருக்கிறது, அதை வாங்கிக்கொள்ளுங்கள் என்கிறார்கள். எதைச் செய்வது?

பதில்: இரண்டையும் செய்ய வேண்டாம்.

உங்கள் செடி பட்டினி கிடக்கிறது என்பது உண்மைதான். ஆனால் செடியின் உணவு சர்க்கரை. அதை எந்தப் புட்டியிலிருந்தும் அது பெறுவதில்லை, தானே தயாரித்துக்கொள்கிறது. இலைகளில் உள்ள நுண்ணிய துளைகள் வழியே காற்றிலிருந்து கரியமில வாயுவையும், வேர் வழியே நீரையும் எடுத்துக்கொண்டு, பச்சையம் பிடித்துத் தரும் ஒளியின் ஆற்றலால் அவ்விரண்டையும் சர்க்கரையாக மாற்றுகிறது. ஆக்சிஜன் மிஞ்சி வெளியேறுகிறது. இடையில் நடக்கும் வேதிமாற்றங்கள் பல உண்டு, அவை உங்கள் தொட்டிக்குத் தேவையில்லை. உங்கள் மூலையில் காற்று இருக்கிறது, நீர் நீங்கள் விடுகிறீர்கள். ஒளிதான் இல்லை.

மண்ணிலிருந்துதான் செடி உணவு எடுக்கிறது என்ற எண்ணம் 17ஆம் நூற்றாண்டிலேயே ஆட்டம் கண்டுவிட்டது. யான் பாப்டிஸ்ட் வான் ஹெல்மோன்ட் என்பவர் 200 பவுண்டு உலர்ந்த மண்ணில் 5 பவுண்டு எடையுள்ள வில்லோ கன்றை நட்டு, நீர் மட்டும் விட்டு 5 ஆண்டுகள் வளர்த்து எடை பார்த்தார். மரம் 169 பவுண்டைத் தாண்டியிருந்தது, மண்ணில் குறைந்ததோ ஏறத்தாழ 2 அவுன்ஸ்தான். எல்லாம் நீரிலிருந்து வந்தது என்று அவர் முடிவு கட்டினார். காற்றின் பங்கை அவர் கணக்கில் கொள்ளவில்லை. இலையின் பசுமையான பகுதியும் ஒளியும் சேர்ந்தால்தான் இந்த வேலை நடக்கும் என்பதை 1779இல் யான் இங்கன்ஹவுஸ் காட்டினார். புட்டியில் இருப்பது அந்த 2 அவுன்ஸ் கணக்கில் வரும் பொருள்தான்: தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து, சிறிதளவு பிற உப்புகள். அவை தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. தழைச்சத்தும் மக்னீசியமும் இல்லாமல் பச்சையமே உருவாகாது. ஆனால் அவை உரம், உணவு அல்ல. சிறிய எழுத்தில் சத்துகளின் விகிதத்தை அச்சிட்டுவிட்டுப் பெரிய எழுத்தில் ‘உணவு’ என்று போட்டு விற்பதை யாரும் தட்டிக் கேட்பதாகத் தெரியவில்லை. ஒளிச்சேர்க்கையின் சமன்பாட்டை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கியவர்களே அந்த எழுத்தை நம்பிப் பணம் கொடுக்கிறார்கள் என்றால், அந்தப் பாடத்தை நடத்திய விதத்தைத்தான் குறை சொல்ல வேண்டும்.

‘கூடத்தில் நல்ல வெளிச்சம் இருக்கிறதே’ என்று நீங்கள் சொல்லக்கூடும். நம் கண் மங்கிய ஒளிக்கும் பழகிக்கொள்வதால், இந்த விஷயத்தில் அதன் சாட்சியை ஏற்க முடியாது. நண்பகல் வெயிலில் ஒளியின் அளவு ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். சன்னலிலிருந்து தள்ளியிருக்கும் அறை மூலையில் சில நூறு லக்ஸ் இருந்தாலே அதிகம். ஒரு சோதனை செய்து பாருங்கள். பகல் வேளையில் விளக்குகளை அணைத்துவிட்டு, செடிக்கு ஒரு முழம் மேலே கையை நீட்டுங்கள். இலையின் மேல் விரல்கள் தனித்தனியாகத் தெரியும்படி நிழல் விழுந்தால் ஒளி போதும். மங்கலாக விழுந்தால் நிழல் தாங்கும் செடிகள் மட்டும் சமாளிக்கும். நிழலே விழாவிட்டால் அங்கே எந்தச் செடியும் நெடுநாள் தாக்குப்பிடிக்காது.

தயாரித்த சர்க்கரை முழுவதும் வளர்ச்சிக்கே போய்விடுவதில்லை. ஒரு பகுதி மாவுச்சத்தாக இலையிலேயே சேர்ந்து இரவுச் செலவுக்கு ஆகிறது. ஒரு பகுதி தண்டு வழியே வேருக்கும் குருத்துக்கும் போகிறது. செடி பகலிலும் இரவிலும் இடைவிடாமல் சுவாசிக்கிறது, அதற்கும் சர்க்கரைதான் செலவாகிறது. பகலில் கரியமில வாயுவைச் சுவாசிக்கும், இரவில் ஆக்சிஜனைச் சுவாசிக்கும் என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்திருந்தால் அதை மறந்துவிடுங்கள். பகல் வரவு இருபத்து நான்கு மணி நேரச் செலவை ஈடுகட்டாதபோது, செடி கையிருப்பை எடுத்து ஒளியைத் தேடித் தண்டை நீட்டுகிறது. கணுக்களுக்கு இடையே உள்ள தூரம் கூடுகிறது. புதிய இலைகள் சிறிதாகவே விரிகின்றன. நீங்கள் எழுதிய அறிகுறிகள் இவைதான்.

இந்த நிலையில் உரத்தை இரட்டிப்பாக்கினால் என்ன ஆகும்? வளர்ச்சி இல்லாத செடி அந்த உப்புகளை எடுத்துக்கொள்ளாது. அவை மண்ணில் தேங்கி, வேர் நீரை உறிஞ்ச முடியாதபடி செய்யும். தொட்டியின் விளிம்பிலோ மண்ணின் மேற்பரப்பிலோ வெண்மையாகப் பொருக்குத் தட்டியிருக்கிறதா, இலை நுனிகள் பழுப்பாகக் கருகியிருக்கின்றனவா என்று பாருங்கள்; இரண்டும் இருந்தால் தீங்கு தொடங்கிவிட்டது. உரம் பலிக்காதபோது அடுத்ததாக வைட்டமின் பி1 டானிக் விற்க வருவார்கள். செடி தனக்கு வேண்டிய வைட்டமின்களைத் தானே செய்துகொள்ளும். சர்க்கரைத் தண்ணீர் ஊற்றச் சொல்பவர்களும் உண்டு. அதனால் கொழுப்பவை மண்ணிலுள்ள நுண்ணுயிரிகளும் எறும்புகளுமே.

இரவில் உணவு தயாரிக்கும் செடி என்ற கதைக்கு வருகிறேன். இதில் பாதி உண்மை கலந்திருப்பதால் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து வைக்கின்றன. கள்ளி வகைகளும் சதைப்பற்றுள்ள இலைகள் கொண்ட பல செடிகளும், பகல் வெப்பத்தில் நீரை இழக்காமலிருக்க, இரவில் திறக்கின்றன. இரவில் உள்ளே வரும் கரியமில வாயுவை அவை அப்போதே சர்க்கரையாக்குவதில்லை. மாலிக் அமிலமாக மாற்றிச் சேமித்து வைக்கின்றன. விடிந்ததும் துளைகளை மூடிக்கொண்டு, அந்த அமிலத்திலிருந்து வாயுவைப் பிரித்தெடுத்து, சூரிய ஒளியின் துணையால் சர்க்கரை தயாரிக்கின்றன. பெஞ்சமின் ஹைன் என்ற தாவரவியலாளர், ரணகள்ளியின் இலை காலையில் புளிப்பாகவும் நண்பகலில் சுவையற்றும் இருப்பதை 1813இல் எழுதிய கடிதத்தில் குறிப்பிட்டிருக்கிறார். இரவில் சேர்ந்த அமிலம் பகலில் செலவாகிவிடுவதுதான் காரணம். (நீங்கள் சுவைத்துப் பார்க்க வேண்டாம், அந்த இலையில் நச்சுப் பொருள்கள் உண்டு.) ஆக, இரவில் நடப்பது கொள்முதல் மட்டுமே, தயாரிப்பு பகலில்தான். ஒளி இல்லாத மூலையில் கள்ளியும் பட்டினிதான் கிடக்கும். சேமிப்பு அதிகமாக இருப்பதால் அது சாகப் பல மாதங்கள் ஆகும். அதற்குள் விற்றவர் சொன்னது உங்களுக்கு மறந்துபோயிருக்கும்.

இனிச் செய்ய வேண்டியது இதுதான். உரத்தை நிறுத்துங்கள். வடிகால் துளை திறந்திருக்கிறதா என்று பார்த்து, வெறும் தண்ணீரைத் தாராளமாக ஊற்றி முழுவதும் வடியவிடுங்கள். உப்புப் பொருக்கு இருந்தால் இன்னும் இரண்டு மூன்று முறை அவ்வாறே செய்யுங்கள். பிறகு மேல்மண் காய்ந்தால் மட்டும் நீர் விடுங்கள், ஏனெனில் குறைந்த ஒளியில் செடிக்கு நீர்த்தேவையும் குறைவு, ஈரத்திலேயே ஊறும் வேர் காற்றில்லாமல் அழுகும். செடியைச் சன்னல் பக்கம் நகர்த்துங்கள், ஆனால் ஒரே நாளில் நேர் வெயிலில் வைத்துவிடாதீர்கள். நிழலில் உருவான இலை கருகிவிடும். இரண்டு வாரங்களில் படிப்படியாக நகர்த்தினால் போதும். சன்னலே இல்லையென்றால், சாதாரண வெள்ளை எல்இடி விளக்கைச் செடிக்கு அருகில் தொங்கவிட்டுப் பகல் முழுவதும் எரியவிடலாம். ஊதா நிறத்தில் ஒளிரும் தனி விளக்கு கட்டாயமில்லை.

வெளிறிய பழைய இலைகளை வைத்துப் பலனை மதிப்பிட வேண்டாம். அவற்றில் பல உதிரும். இடம் மாற்றிய பின் விரியும் இலைகள் அகலமாகவும், கணுக்கள் நெருக்கமாகவும் வருகின்றனவா என்று பாருங்கள். அப்படி இரண்டு மூன்று இலைகள் வந்த பிறகு, அந்தப் புட்டியை எடுத்து, அதில் குறித்திருக்கும் அளவில் பாதியை மாதம் ஒருமுறை கொடுங்கள்.