ஐசியூவில் இருந்து வந்த குழந்தைக்குக் காது டெஸ்ட்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

பச்சைக் குழந்தைகளுக்குக் காது கேட்கிறதா என்று சோதிப்பதுதான் என் வேலை. ஆடியாலஜிஸ்ட் என்பார்கள். நம் பக்கத்துத் தாய்மார்கள் அனுப்பிய கேள்விகளில் சில இங்கே.

கோபி: ஏனுங்க மேடம், பையன் 31 வாரத்திலேயே பிறந்துட்டானுங்க. 24 நாள் ஐசியூ. ஓஏஇ டெஸ்ட் 'பாஸ்'னு சீட்டுல இருக்கு. அப்புறமும் பெரா எடுக்கச் சொல்றாங்க. காசுக்காகவா?

இல்லைங்க, இதில் உங்கள் டாக்டர் சொல்வதுதான் சரி. ஓஏஇயில் காதுக்குள் சின்ன முனையை வைத்து ஒலி கொடுப்போம். உள்காதில் நத்தைக்கூடு மாதிரி இருக்கும் காக்ளியா நன்றாக இருந்தால், அதன் மயிர்ச்செல்கள் மெல்லிய ஒலியைத் திருப்பி அனுப்பும். அதை மைக் பிடித்துக்கொள்ளும். அத்தோடு அந்தக் கருவியின் வேலை முடிந்தது. அங்கிருந்து நரம்பு வழியாகச் சேதி மூளைக்குப் போகிறதா என்பது அதற்குத் தெரியாது. கிணற்றில் மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டால் போதுமா, தண்ணீர் வயலுக்கு வந்து சேர வேண்டாமா? குறைமாதம், மூச்சுத்திணறல், ரத்தம் மாற்றும் அளவுக்குப் போன மஞ்சள் காமாலை, இவையெல்லாம் நரம்பையே பாதிக்கலாம். அப்படிப்பட்ட குழந்தை ஓஏஇயில் பாஸ் ஆகிவிடும், பேச்சு மட்டும் வராது. பெராவில் நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் ஒட்டுகள் ஒட்டி, ஒலி நரம்பு வழியாக மூளைத்தண்டு வரை போகிறதா என்று பார்க்கிறோம். ஊசி, வலி எதுவும் இல்லை. 5 நாளைக்கு மேல் ஐசியூவில் இருந்த குழந்தைக்கு இந்த வகைச் சோதனைதான் வேண்டும்.

தாராபுரம்: 'ரெஃபர்'னு எழுதியிருக்காங்க. பாப்பாவுக்குக் காது கேக்காதுங்களா?

அப்படி அர்த்தமில்லை அம்மிணி. இன்னும் சோதித்துப் பார்க்க வேண்டும் என்றுதான் அர்த்தம். காதில் பிறந்தபோது ஒட்டியிருந்த வெள்ளை மாவோ நீரோ தங்கியிருந்தாலும், குழந்தை அசைந்து அழுதாலும் ரெஃபர் வரும். ஆனால் "பேச்சு வரட்டும், பார்க்கலாம்" என்று விட்டுவிடாதீர்கள். குறை இருந்தால் 3 மாதத்துக்குள் உறுதி செய்து, 6 மாதத்துக்குள் ஹியரிங் எய்டு போன்ற உதவியைத் தொடங்கிவிட வேண்டும்.

சோமனூர்: தறி ஓடுற சத்தத்துலயும் பாப்பா தூங்கறா. பயந்துபோய் மாமியார் தட்டைத் தட்டினாங்க, திடுக்குனு முழிச்சா. அப்ப சரிதானுங்களே?

இந்தத் தட்டு டெஸ்டை ஒழித்தாலே எனக்குப் பாதி வேலை குறையும்! ஒரு காது மட்டும் கேட்டாலும் குழந்தை திடுக்கிடும். 'ச' போன்ற மெல்லிய ஒலிகள் கேட்காத குழந்தையும் தட்டுச் சத்தத்துக்கு முழிக்கும். தறிச் சத்தத்தில் தூங்குவது வெறும் பழக்கமாக இருக்கலாம். இரண்டையும் வைத்து முடிவு செய்ய முடியாது. தொட்டிலைத் தறியை விட்டுத் தள்ளிக் கட்டுங்கள், அது வேறு விஷயம்.

பெருந்துறை: கிருமித்தொற்றுன்னு 7 நாள் ஜென்டாமைசின் போட்டாங்க. அது காதைக் கெடுக்கும்ங்கறாங்களே?

கெடுக்க வாய்ப்பு உண்டு. ஆனால் உயிரைக் காப்பாற்றப் போட்ட ஊசி அது, போட்டதில் தப்பில்லை. அம்மா வழியில் யாருக்காவது ஊசி போட்ட பிறகு காது போனது என்றால் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அந்த மருந்தைத் தாங்காத மரபுக்கோளாறு ஒன்று தாய் வழியாகத்தான் வரும்.

பொள்ளாச்சி: பெராவும் பாஸ். இனி டெஸ்டே வேண்டாமுங்களா?

ஐசியூவில் இருந்த குழந்தைக்கு 9 மாதத்துக்குள் இன்னொரு முறை பாருங்கள். சில குறைகள் பின்னால்தான் தலைகாட்டும். மூளைக்காய்ச்சல் வந்தால் மட்டும் காது டெஸ்டை ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். அதற்குப் பிறகு காக்ளியாவுக்குள் எலும்பு வளர்ந்து அடைத்துக்கொள்ளலாம், அப்புறம் காக்ளியர் இம்ப்ளான்ட், அதாவது ஆபரேஷன் செய்து உள்காதில் பொருத்தும் கேட்கும் கருவி, வைப்பதும் கஷ்டம்.

அந்தியூர்: இம்ப்ளான்டுக்கு லட்சக்கணக்குல ஆகுமாமே?

ஆகும்தான். ஆனால் தகுதியுள்ள 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் செய்கிறார்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனையில், குழந்தைகளின் குறைகளைச் சீக்கிரமே கண்டு உதவும் ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் கேளுங்கள்.

காங்கயம்: குளிப்பாட்டும்போது அம்மாயி காதுல எண்ணெய் விடறாங்க.

வேண்டாம். ஊதவும் வேண்டாம். அப்புறம் ஒன்று: பெராவுக்குக் குழந்தை தூங்க வேண்டும். பஸ்ஸில் நன்றாகத் தூங்கிவிட்டு, எங்கள் அறைக்குள் வந்ததும் கண்ணை உருட்டிப் பார்க்கிற குழந்தைகள்தான் அதிகம். வழியில் முழிக்க வைத்துக்கொண்டே வாருங்கள், பாலை இங்கே வந்து கொடுங்கள்.