ட்ரெட்மில்லில் எளிதாக ஓடும் தொலைவு வெளியே ஏன் கடினமாகிறது?

ட்ரெட்மில்லில் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் 5 கிலோமீட்டர் ஓட முடிகிறது என்றும், வெளியே இறங்கினால் முதல் கிலோமீட்டர் முடிவதற்குள் மூச்சு வாங்குகிறது என்றும், இத்தனை நாள் பயிற்சி வீண்தானா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நிச்சயமாக வீண் இல்லை. நானும் நெடுநாள் ட்ரெட்மில்லில் மட்டுமே ஓடிய பிறகு சாலைக்கு வந்தவன்தான். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: உங்கள் இதயமும் நுரையீரலும் தயாராகவே இருக்கின்றன, வேகத்தை நீங்களே நிர்ணயித்துக்கொள்ளும் பழக்கம்தான் இன்னும் வரவில்லை.

ட்ரெட்மில்லில் பொத்தானை அழுத்தியதும் வேகத்தைப் பற்றிய கவலை முடிந்துவிடுகிறது. வெளியே அந்தப் பொறுப்பு ஒவ்வோர் அடியிலும் உங்களுடையது. அறைக்குள் ஓடும்போது கண்ணெதிரே எதுவும் பின்னால் நகர்வதில்லை என்பதால், ஓடும் வேகம் உள்ளதைவிட அதிகமாகத் தோன்றும். அதே உணர்வை அளவுகோலாக வைத்து வெளியே ஓடுபவர் தம்மை அறியாமலேயே கூடுதல் வேகத்தில் புறப்பட்டுவிடுகிறார். போதாக்குறைக்கு, ஓடத் தொடங்கியபின் உடல் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜனின் அளவு தேவைக்கு ஏற்ப உயர்வதற்கு இரண்டு மூன்று நிமிடங்கள் ஆகின்றன. அதுவரை அளவுக்கு மீறிய வேகமும் சுலபமாகவே இருக்கும். மணிக்கு 10 கிலோமீட்டர் என்றால் ஒரு கிலோமீட்டருக்கு 6 நிமிடம். புத்துணர்ச்சியோடு புறப்படும் கால்கள் 5 நிமிட வேகத்தைப் பிடித்துவிட்டால், நீங்கள் ஓடுவது மணிக்கு 12 கிலோமீட்டர். ட்ரெட்மில்லில் அந்த எண்ணை வைத்து ஓடிப் பார்த்தால் அங்கேயும் இதே போல மூச்சு வாங்கும்.

காற்றின் எதிர்ப்புதான் காரணம் என்று பலர் சொல்வார்கள். 1996இல் ஜோன்ஸ், டவுஸ்ட் என்ற ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வின்படி, அறைக்குள் இல்லாத அந்த எதிர்ப்பை ஈடுகட்ட ட்ரெட்மில்லை 1 சதவீதம் சாய்த்து வைத்தால் வெளியில் ஓடுவதற்குச் செலவாகும் ஆற்றலுக்கு நிகராகிறது. ஆனால் காற்றின் எதிர்ப்பு வேகத்தோடு வளர்வது. உங்கள் வேகத்தில், எதிர்க்காற்று பலமாக வீசாத வரை, அது பெரிய சுமை அன்று. வெயிலும் ஈரப்பதமும் அதைவிடப் பெரிய சுமைகள். வெப்பத்துக்கு உடல் பழகச் சுமார் இரண்டு வாரங்கள் ஆகும் என்பதால், அதுவரை வெயில் ஏறுவதற்கு முன்பே ஓடி முடிப்பது நல்லது.

அடுத்த சில ஓட்டங்களுக்குக் கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். ஐந்து நிமிடம் விரைவாக நடந்துவிட்டு, இவ்வளவு மெதுவாக ஓடுவதா என்று உங்களுக்கே தோன்றும் வேகத்தில் தொடங்குங்கள். பக்கத்தில் ஒருவர் ஓடிவந்தால் அவரிடம் ஒரு முழு வாக்கியத்தைத் திக்காமல் சொல்ல முடிய வேண்டும். பாதியில் மூச்சு இழுத்தால் வேகம் அதிகம் என்று பொருள். ஜிபிஎஸ் கடிகாரம் காட்டும் அந்தந்த நொடியின் வேகம் மரங்களுக்கும் உயரமான கட்டடங்களுக்கும் இடையே தாறுமாறாக ஏறி இறங்கும். அதைத் துரத்தி ஓடினால் மூச்சின் சீர் கெடும். ஓடி முடித்தபின் ஒவ்வொரு கிலோமீட்டரின் சராசரியை மட்டும் பாருங்கள். கடைசிக் கிலோமீட்டர் முதலாவதைவிடச் சற்று வேகமாக இருந்தால் சரியாகத் தொடங்கியிருக்கிறீர்கள்.

மூச்சு விரைவிலேயே சீராகிவிடும். நான் உண்மையில் கவலைப்படுவது அதற்குப் பிறகு வரும் வாரங்களைப் பற்றித்தான். ட்ரெட்மில்லின் தளம் சற்று அமுங்கிக் கொடுக்கும், எப்போதும் சமமாக இருக்கும், திருப்பங்கள் இல்லை. சாலையில் இறக்கம் வரும்போது முன்தொடைத் தசைகள் நீண்டுகொண்டே உடலின் எடையைத் தாங்க வேண்டியிருக்கிறது. அந்த வலி அன்றைக்குத் தெரியாமல், அடுத்த நாளோ அதற்கு மறுநாளோ படி இறங்கும்போது தெரியும். அது தானாக ஆறிவிடும். ஆனால் தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண்களும் எலும்புகளும் புதிய சுமைக்குப் பழக வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஆகும். நுரையீரல் முந்திக்கொள்வதால் தொலைவைக் கூட்ட ஆசை வரும்; காயங்கள் பெரும்பாலும் அந்த ஆசையில்தான் தொடங்குகின்றன. வாரத்தில் மூன்று நாள் ஓடுபவராயின் முதலில் ஒரு நாளை மட்டும் வெளியே மாற்றுங்கள், அதுவும் சமதளத்தில், 20 நிமிட அளவில். இரண்டு மூன்று வாரம் வலியின்றிக் கழிந்தால் இரண்டாவது நாளையும் மாற்றலாம். சாலையின் ஓரம் ஒரு பக்கமாகச் சரிந்திருக்கும் என்பதால், போன நடைபாதையிலேயே திரும்பி வருவது இரண்டு கால்களுக்கும் சுமையைப் பகிர்ந்து கொடுக்கும்.

கெண்டைக்கால் முழுவதும் பரவலாக இறுகியிருந்தால் ஒரு நாள் ஓய்வு போதும். முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பில் ஒரே புள்ளியில், விரலால் அழுத்தினால் சுரீரென்று வலித்தால், அல்லது நடக்கும்போதும் அந்த வலி நீடித்தால், ஓட்டத்தை உடனே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். எலும்பில் நுண்ணிய விரிசல் விழுந்திருந்தால் ட்ரெட்மில்லுக்குத் திரும்புவதும் அதற்கு ஓய்வாகாது.