வீட்டு ஸ்பானிஷும் வகுப்பு ஸ்பானிஷும்

அன்புள்ள சார்,
என் மகள் கலிபோர்னியாவில், சான் ஹோசேயில் ஸ்பானிஷ்-ஆங்கில இருமொழிப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். அவளுடைய டீச்சருக்கு ஸ்பானிஷ்தான் தாய்மொழி. அவரே லீவில் ஸ்பானிஷில் பாடம் நடத்தும் பயிற்சிக்குப் போவதாகச் சொன்னார். தாய்மொழிக்கே பயிற்சி வேண்டியவரிடம் பிள்ளையை விடலாமா? மூன்று மொழி அவளுக்குப் பாரமாகாதா? பள்ளியை மாற்றலாமா என்று யோசிக்கிறேன்.
வி.

அன்புள்ள வி.,
மூன்று மொழி பாரமா என்பதை விடுங்கள், குழந்தை சமாளித்துக்கொள்வாள். டீச்சரைப் பற்றி எழுதியதுதான் எனக்குக் கோபம். மறைக்காமல் உங்களிடம் சொன்னவரையா சந்தேகப்படுவது?

1998-ல் கலிபோர்னியா மக்கள் 227-ஆம் முன்மொழிவுக்கு வாக்களித்து, வகுப்பில் ஆங்கிலம்தான் என்று ஆக்கினார்கள். பெற்றோர் கேட்டு வாங்கினால்தான் விலக்கு. 2016-ல் இன்னொரு வாக்கெடுப்பில்தான் அது மாறியது. நடுவில் 18 வருடம். அப்போது பள்ளிக்குப் போன பிள்ளைகள் சிலர் இன்று டீச்சர்கள். பாட்டியிடம் ஸ்பானிஷில் கதை கேட்டவர்கள், பின்னக் கணக்கை ஆங்கிலத்தில் படித்தவர்கள். வீட்டு ஸ்பானிஷ் வரும், பாடம் நடத்தும் ஸ்பானிஷுக்குத்தான் பயிற்சி.

எனக்கே இது நடந்திருக்கிறது. நான் ஆங்கில வழியில் படித்தவன். தமிழ் வழியில் படித்த அக்கா மகன் ஒருநாள் பின்னக் கணக்கோடு வந்தான். தொகுதி, பகுதி என்று போட்டிருந்தது. எது மேலே, எது கீழே என்று தெரியாமல் முழித்தேன். "மாமா, உங்களுக்குத் தமிழ் தெரியாதா?" என்றான். இருபது வருடமாகியும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

நீங்கள் கேட்க வேண்டியது வேறு. அந்தப் பயிற்சி எந்த மொழியில் நடக்கிறது? ஆங்கிலத்தில் நடத்திவிட்டு, "நீங்களே ஸ்பானிஷில் மாற்றிக்கொள்ளுங்கள்" என்றால் அது பயிற்சியே இல்லை. ஸ்பானிஷில் உயிரெழுத்து ஐந்துக்கும் ஒலி அநேகமாக மாறாது. அதனால் மா, மே, மீ, மோ, மூ என்று அசை அசையாக வாசிக்கப் பழக்குவார்கள், நம் உயிர்மெய் மாதிரி. ஆங்கில வாசிப்புப் பாடத்தை மொழிபெயர்த்தால் இது கிடைக்குமா? எண்ணும் அப்படித்தான். ஆங்கில பில்லியன் நூறு கோடி. ஸ்பானிஷில் அதே வார்த்தை லட்சம் கோடி! அகராதியைப் பார்க்காமல் மாற்றினால் கணக்கே தப்பு. டீச்சர்கள் ஸ்பானிஷிலேயே உட்கார்ந்து, ஸ்பானிஷிலேயே சண்டை போட்டு, ஒரு அறிவியல் பாடத்தை முழுசாக நடத்திப் பார்க்க வேண்டும். அதற்குச் சம்பளத்தோடு நேரம் கொடுக்க வேண்டும், அவருடைய லீவில் கைவைக்கக் கூடாது.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் எழுந்து இதைக் கேளுங்கள், அம்மா. டீச்சர் தானாகக் கேட்கத் தயங்குவார்.