ஃபெடரல் வழக்குக்குக் காலக்கெடு: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: அமெரிக்காவில் ஐந்து வருடம் கடந்துவிட்டால் எந்த ஃபெடரல் (மத்திய அரசுச் சட்டத்தின் கீழ் வரும்) குற்றத்துக்கும் வழக்குப் போட முடியாது என்கிறார்களே?

பதில்: பாதிதான் உண்மை. சட்டம் தனிக்கெடு எதுவும் சொல்லாத குற்றங்களுக்குத்தான் 5 ஆண்டு. வரி ஏய்ப்புக்கு 6. பாஸ்போர்ட், குடியுரிமை மோசடிக்கும் வங்கி மோசடிக்கும் 10. மரண தண்டனைக்குரிய குற்றங்களுக்குக் கெடுவே கிடையாது.

குற்றம் வெளியே தெரிந்த நாளிலிருந்து அல்ல, அது நடந்து முடிந்த நாளிலிருந்துதான் பொதுவாகக் கணக்கு. கெடுவுக்குள் ஆள் கைதாக வேண்டும் என்பதும் இல்லை. கிராண்ட் ஜூரி (வழக்குத் தொடரப் போதிய ஆதாரம் உண்டா என்று பார்க்கும் பொதுமக்கள் குழு) குற்றப்பத்திரிகை கொடுத்திருந்தால் போதும். அதை முத்திரையிட்டு ரகசியமாக வைத்திருக்கவும் முடியும். எனவே கெடு தாண்டியும் வீட்டுக்கு எதுவும் வரவில்லையே என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது.

கேள்வி: ஒருவர் 2018-ம் ஆண்டு வருமானத்தில் ஒரு பகுதியை வேண்டுமென்றே மறைத்து, 2019 பிப்ரவரியில் வரிப் படிவம் தாக்கல் செய்தார். பிறகு முழுதாக இரண்டு வருடம் சென்னையில் இருந்துவிட்டு அமெரிக்கா திரும்பினார். கெடு எப்போது முடியும்?

பதில்: பலரும் தவறாகக் கணக்குப் போடும் இடம் இது. முன்கூட்டியே தாக்கல் செய்த படிவத்தைக் கடைசித் தேதியில் தாக்கல் செய்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். ஆகவே 2019 ஏப்ரல் 15-லிருந்து 6 ஆண்டு எண்ணினால் 2025 ஏப்ரல் வருகிறது. ஆனால் வரிக் குற்றங்களில், அமெரிக்காவுக்கு வெளியே இருந்த நாட்கள் கணக்கில் சேராது. அம்மாவைப் பார்க்கப் போயிருந்தாலும் சரி, அந்த இரண்டு வருடமும் கூடுதலாகி, கெடு 2027 ஏப்ரலுக்குத் தள்ளிப்போகும். குறுகிய விடுமுறைப் பயணங்களைக்கூட நீதிமன்றங்கள் இப்படிக் கழித்திருக்கின்றன. மற்ற குற்றங்களில் வழக்குக்குப் பயந்து ஓடியவருக்கு மட்டுமே கடிகாரம் நிற்கும்.

இடையில் வரித்துறை அதிகாரியிடம் பொய் சொல்லி ஏய்ப்பைத் தொடர்ந்திருந்தால், அந்த நாளிலிருந்து 6 ஆண்டு எண்ணவும் வழியுண்டு. இந்திய வங்கிக் கணக்கு விவரங்களை அரசுத் தரப்பு அதிகாரபூர்வமாக இந்தியாவிடம் கேட்டிருந்தால், நீதிமன்ற உத்தரவின் பேரில் அதிகபட்சம் 3 ஆண்டு வரை கெடுவை நிறுத்திவைக்கலாம்.

கேள்வி: கெடுவை நீட்டிக்கச் சம்மதம் கேட்டு அரசு வழக்கறிஞர் கடிதம் அனுப்பினால் கையெழுத்துப் போடலாமா?

பதில்: உங்கள் வழக்கறிஞர் பார்க்காமல் போடாதீர்கள். போட்டால், அதில் சொன்ன நாட்கள் கெடுக் கணக்கில் சேராது. மறுத்தால், கெடு முடிவதற்குள் அவசரமாகக் குற்றப்பத்திரிகை வரலாம். பேசித் தீர்க்கும் வாய்ப்பு போய்விடும். இரண்டையும் எடைபோட்டே முடிவு செய்ய வேண்டும். வழக்கு வந்துவிட்டால், கெடு முடிந்துவிட்டது என்ற வாதத்தை விசாரணை நீதிமன்றத்திலேயே எழுப்பிவிடுங்கள். அங்கே எழுப்பாததை மேல்முறையீட்டில் முதல்முறையாகச் சொல்லித் தப்ப முடியாது என்று 2016-ல் முசாக்கியோ வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது.