கிரீம் போட்ட பிறகு பரு கூடிவிட்டதே, டாக்டர்?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் முகப்பருவுக்குப் போடும் அமில கிரீம்களைப் பற்றித்தான். ஒரே மாதிரி கேள்விகளைச் சேர்த்து, ஐந்தை மட்டும் எடுத்திருக்கிறேன்.

கேள்வி: எனக்கு வயது 24. கன்னத்திலும் தாடையிலும் பரு. தோல் டாக்டர் ட்ரெட்டினாயின் 0.05 சதவீத கிரீம் எழுதிக் கொடுத்தார். சீக்கிரம் சரியாகட்டும் என்று காலை, இரவு இரண்டு வேளையும் முகம் கழுவிய கையோடு நிறையவே எடுத்துத் தேய்த்தேன். மூன்று வாரம் ஆகிறது. வாய் ஓரம் வெடித்து, பேஸ்ட் நுரை பட்டாலே கண்ணில் தண்ணீர் வந்துவிடுகிறது. மூக்கைச் சுற்றி உரிகிற தோலை எடுக்க ஸ்க்ரப் வேறு போடுகிறேன். பருவோ குறைவதற்குப் பதில் கூடியிருக்கிறது. "அமிலத்தைப் பூசினால் முகம் வெந்துதானே போகும், தூக்கிப் போடு" என்கிறாள் அக்கா. நிறுத்திவிடட்டுமா, டாக்டர்?

பதில்: ஒரு வாரம் நிறுத்துங்கள். தூக்கிப் போட வேண்டாம். ஸ்க்ரப்பை வேண்டுமானால் தூக்கிப் போடுங்கள், இன்றைக்கே.

அக்காவின் பயத்தைக் குறை சொல்ல மாட்டேன், பெயர் அப்படி. ஆனால் இது தரை கழுவுகிற அமிலம் மாதிரி அரித்துத் தின்கிற சமாச்சாரம் கிடையாது. ட்ரெட்டினாயின் என்பது ரெட்டினாயிக் அமிலம், வைட்டமின் ஏ-யின் ஒரு வடிவம். நம் உடம்பே வைட்டமின் ஏ-யிலிருந்து இதைத் தயாரித்துக்கொள்கிறது. தோல் செல்லுக்குள் போய், எவ்வளவு வேகமாக வளர வேண்டும், எப்போது உதிர வேண்டும் என்று உத்தரவு போடுவதுதான் இதன் வேலை. நீங்கள் போட்ட அளவுக்கு உத்தரவு எக்கச்சக்கமாகப் போய்விட்டது, மேல்தோல் ஒழுங்காக முதிர்வதற்குள் உதிர்கிறது, உள்ளே இருக்கிற இளம் தோலில் பேஸ்ட் பட்டு எரிகிறது. அவ்வளவுதான் நடந்திருக்கிறது.

சரி, பரு ஏன் கூடியது? இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். இன்றைக்குக் கண்ணாடியில் பார்க்கிற பரு பல வாரங்களுக்கு முன்பே வேலையைத் தொடங்கிவிட்டது. மயிர்க்கால் துளைக்குள் செத்த செல்கள் உதிர்ந்து வெளியே வராமல் ஒன்றோடொன்று ஒட்டி, சுரக்கிற எண்ணெயோடு சேர்ந்து ஒரு சின்ன அடைப்பாக மாறும். அப்போது கண்ணுக்கும் தெரியாது, விரலுக்கும் தட்டுப்படாது. அந்த அடைப்பு பெரிதாகி, அங்கேயே குடியிருக்கும் பாக்டீரியா பெருகி, வீங்கிச் சிவந்த பிறகுதான் நாம் அதைப் "பரு" என்கிறோம். ட்ரெட்டினாயின் போய் உடைப்பது அந்தக் கண்ணுக்குத் தெரியாத அடைப்பை. உடைக்கும்போது, அடுத்த மாதமோ அதற்கடுத்த மாதமோ வரவேண்டியதெல்லாம் வரிசையை விட்டு முன்னால் ஓடிவருகிறது. முதல் ஆறு வாரத்துக்குள், வழக்கமாக வருகிற இடத்திலேயே, வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்து சீக்கிரம் அமுங்குகிற பரு என்றால் அது இந்த வகைதான், பொறுத்துக்கொள்ளலாம். ஒருபோதும் பரு வராத இடத்தில் பொடிப்பொடியாக வந்தால் எரிச்சல். அரிப்பு, நீர்க்கொப்புளம், இமை வீக்கம் என்று போனால் ஒவ்வாமையாக இருக்கலாம். அப்போது கிரீமை நிறுத்திவிட்டு எழுதிக் கொடுத்த டாக்டரிடம் போக வேண்டும், எனக்குக் கடிதம் எழுதிவிட்டுக் காத்திருக்கக் கூடாது.

இந்த மருந்து பருவுக்கு உதவும் என்று 1969-ல் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டது பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஆல்பர்ட் கிளிக்மன் குழு. (கிளிக்மன் பெயரைச் சொன்னால், ஃபிலடெல்ஃபியாவின் ஹோம்ஸ்பர்க் சிறைக் கைதிகள்மேல் அவர் ஆண்டுக்கணக்கில் நடத்திய தோல் சோதனைகளையும் சொல்லித்தான் ஆக வேண்டும். மருந்து நல்லது, வந்த வழி அவ்வளவு நல்லதல்ல.) அன்றிலிருந்து இன்றுவரை நோயாளிகள் செய்கிற தப்பு ஒன்றேதான்: எரிந்தால்தான் வேலை செய்கிறது என்று நினைப்பது. எரியாமலும் வேலை செய்யும். சொல்லப்போனால் எரியாமல் போடுகிறவர்கள்தான் மூன்று மாதம் தாக்குப்பிடிக்கிறார்கள்.

இனி எப்படிப் போடுவது என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகவே. இந்த ஒரு வாரம் மென்மையான ஃபேஸ்வாஷ், மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன் தவிர வேறு எதுவும் முகத்தில் படக் கூடாது. எரிச்சல் முழுக்க அடங்கிய பிறகு வாரத்தில் இரண்டே இரவு. முகம் கழுவித் துடைத்த உடனே போடாதீர்கள், ஈரத்தோல் மருந்தை அதிகமாக உறிஞ்சும். இருபது நிமிடமாவது காயட்டும். உதட்டோரம், மூக்கு மடிப்பு, கண் ஓரம் மூன்றிலும் வாசலின் தடவிக்கொள்ளுங்கள், கிரீம் நகர்ந்து போய்த் தேங்குகிற இடங்கள் அவைதான், உங்கள் வாய் வெடித்ததும் அதனால்தான். பிறகு மாய்ஸ்சரைசர் ஒரு பூச்சு. அதன்மேல் கிரீம்: ஆள்காட்டி விரல் நுனியில் ஒரு பட்டாணி அளவு, முழு முகத்துக்கும் சேர்த்து அவ்வளவுதான். நெற்றியில் ஒரு புள்ளி, கன்னத்துக்கு ஒவ்வொன்று, தாடையில் ஒன்று, மூக்கின்மேல் மிச்சம் மீதி. புள்ளிகளை இழுத்துப் பரப்பினால் முகத்தில் கிரீம் இருப்பதே தெரியக் கூடாது. வெள்ளையாகத் தெரிந்தால் அதிகம். தேவைப்பட்டால் மேலே இன்னொரு பூச்சு மாய்ஸ்சரைசர். இரண்டு வாரம் பிரச்சினை இல்லை என்றால் ஒன்றுவிட்டு ஒரு இரவு, அப்புறம் தினமும். தினமும் தாங்கவில்லையா, ஒன்றுவிட்டு ஒரு நாளிலேயே நின்றுகொள்ளுங்கள், குடி முழுகிப் போய்விடாது.

காலையில் மட்டும் கண்டிப்பாக வேண்டாம். வெளிச்சம் பட்டால் ட்ரெட்டினாயின் சிதைந்துவிடும், மருந்தும் வீண், வெயிலில் முகமும் சிவக்கும். பகலில் எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீன்.

இன்னொன்று. 0.05-க்குக் கீழே 0.025 சதவீதமும் இருக்கிறது. அதிலிருந்து தொடங்கலாமா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள், கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. பலன் இருக்கிறதா இல்லையா என்று பன்னிரண்டு வாரத்துக்கு முன்னால் தீர்ப்பு சொல்லாதீர்கள், நீங்கள் மூன்றாவது வாரத்திலேயே சொல்லப் பார்க்கிறீர்கள்.

கேள்வி: இதே ட்ரெட்டினாயினை நான்கு மாதமாகப் போடுகிறேன். நேற்றுதான் கர்ப்பம் உறுதியானது. இணையத்தில் தேடிப் படித்துவிட்டு இரவெல்லாம் தூங்கவில்லை.

பதில்: இன்றோடு கிரீமை நிறுத்துங்கள், அடுத்த பரிசோதனையில் டாக்டரிடம் சொல்லுங்கள், இன்றிரவு தூங்குங்கள். நீங்கள் படித்த பயங்கரங்கள் பெரும்பாலும் ஐசோட்ரெட்டினாயின் மாத்திரையைப் பற்றியவை. வாய்வழி சாப்பிடும் அது கருவைக் கடுமையாகப் பாதிக்கும், உண்மை. பெயர் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதால் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். பட்டாணி அளவு கிரீமிலிருந்து ரத்தத்துக்குப் போவது மிகக் குறைவு. தெரியாமல் ஆரம்ப வாரங்களில் போட்டுவிட்ட பெண்களைப் பார்த்த ஆய்வுகளிலும் குறைபாடுகள் கூடியதாகத் தெளிவாகத் தெரியவில்லை. பிறகு ஏன் நிறுத்தச் சொல்கிறோம்? பரு உயிர்போகிற நோயில்லை, மாற்றும் இருக்கிறது, சின்ன சந்தேகத்தைக்கூட வயிற்றில் குழந்தை இருக்கும்போது ஏன் சுமக்க வேண்டும், அதனால்தான்.

அந்த மாற்று அசெலாயிக் அமிலம். இது தானியங்களில் இயற்கையாக இருப்பது, நம் தோலில் வாழும் ஒரு பூஞ்சையும் இதைத் தயாரிக்கிறது. 20 சதவீத கிரீமாகவும் 15 சதவீத ஜெல்லாகவும் வருகிறது, கர்ப்ப காலத்திலும் டாக்டர்கள் எழுதிக் கொடுப்பார்கள். என்னைக் கேட்டால் கர்ப்பம் இல்லாதவர்களுக்கும் இதற்கு இன்னும் கொஞ்சம் மரியாதை கிடைக்க வேண்டும். பாக்டீரியாவைக் குறைக்கும், துளை அடைப்பைத் தளர்த்தும், அதோடு தோலில் நிறமி உண்டாக்கும் டைரோசினேஸ் நொதியைத் தடுப்பதால் பரு போன இடத்தில் தங்கும் கருமையும் மெல்ல வெளுக்கும். மாநிறம், கருநிறத் தோலுக்கு அந்தக் கருமைதானே பருவைவிடப் பெரிய தலைவலி! வெளிச்சத்தில் சிதையாது, காலை இரவு இரண்டு வேளையும் போடலாம். முதல் சில வாரம் போட்ட பத்து நிமிடத்துக்கு எறும்பு ஊர்கிற மாதிரி ஒரு குறுகுறுப்பு இருக்கும், பயப்படாதீர்கள், நாளாக ஆகக் குறையும். வேகம் மட்டும் ட்ரெட்டினாயினைவிடக் கம்மி.

கேள்வி: சாலிசிலிக் ஃபேஸ்வாஷ், கிளைகாலிக் சீரம், பென்சாயில் பெராக்சைடு ஜெல், இரவில் ட்ரெட்டினாயின். எல்லாம் நல்லது என்கிறார்கள், எல்லாமே வாங்கிவிட்டேன். எந்த வரிசையில் போடுவது?

பதில்: வரிசையெல்லாம் வேண்டாம், குறையுங்கள். சாலிசிலிக் எண்ணெயில் கரைந்து துளைக்குள் இறங்கும், கிளைகாலிக் மேல்தோலை உதிர்க்கும், ட்ரெட்டினாயினும் உதிர்க்கும். மூன்று பேரும் ஒரே சுவரைச் சுரண்டினால் சுவர் என்னாகும்? இரவுக்கு ட்ரெட்டினாயின் இருக்கட்டும். பென்சாயில் பெராக்சைடு அமிலம் இல்லை, பாக்டீரியாவைக் கொல்கிற மருந்து. சிவந்து வீங்கிய பரு இருந்தால் அதைக் காலையில் போடுங்கள். ட்ரெட்டினாயினோடு ஒன்றாகக் குழைத்தால் அதைச் சிதைத்துவிடும். 2.5 சதவீதமே போதும், 10 சதவீதத்தில் எரிச்சல்தான் கூடும். தலையணை உறை வெள்ளையாக இருக்கட்டும், மற்ற நிறத் துணியில் பட்டால் அந்த இடம் வெளுத்துப்போய் நிற்கும். மிச்சமுள்ள சாலிசிலிக், கிளைகாலிக் இரண்டும்? வாங்கிவிட்டீர்கள் என்பதற்காகப் போட வேண்டியதில்லை.

கேள்வி: நண்பன் கொடுத்த கிரீமை ஆறு மாதமாகப் போடுகிறேன். முதல் வாரத்திலேயே பரு அடங்கி முகம் பளிச்சென்று ஆனது. இப்போது இரண்டு நாள் விட்டாலே முகம் சிவந்து, பரு கொத்தாக வருகிறது. திரும்பப் போட்டால் அடங்கிவிடுகிறது. இதுவும் அமில கிரீம்தானா? (ஆண், வயது 19)

பதில்: தம்பி, ட்யூபைத் திருப்பி, பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். ட்ரெட்டினாயின் இருக்கும், கூடவே கருமையை வெளுக்கவைக்கும் ஹைட்ரோகுயினோன் இருக்கும், மூன்றாவதாக மொமெட்டசோன், ஃப்ளூவோசினோலோன், பீட்டாமெத்தசோன் மாதிரி ஒரு பெயர் இருக்கும். அந்த மூன்றாவது, ஸ்டீராய்டு. இந்தக் கூட்டு மருந்து மங்குக்காக (முகத்தில் திட்டாகப் படரும் கருமை), டாக்டர் பார்வையில், சில வாரங்களுக்குப் போடுவதற்கு உண்டானது. முதல் வாரமே பரு அடங்கியது அமிலத்தால் இல்லை, எந்த அமிலமும் ஒரு வாரத்தில் அந்த வித்தையைக் காட்டாது. ஸ்டீராய்டு வீக்கத்தை அமுக்கும், மாதக்கணக்கில் போனால் தோலை மெலியவைத்து, சின்ன ரத்தக்குழாய்களை வெளியே தெரியவைத்து, தானே பருவையும் உண்டாக்கும். இப்போது நீங்கள் போடுவது அது கொண்டுவந்த பருவுக்கே.

ஆறு மாதம் போட்டதைத் திடீரென்று விட்டால் முகம் பயங்கரமாகச் சிவந்து எரியும், அதைத் தாங்க முடியாமல்தான் எல்லோரும் மறுபடி ட்யூபை எடுக்கிறார்கள். எப்படிப் படிப்படியாக இறக்குவது, நடுவில் என்ன போடுவது என்று தோல் டாக்டர் சொல்வார். ட்யூபையும் கையோடு கொண்டுபோங்கள், "ஏதோ ஒரு வெள்ளை கிரீம்" என்று சொன்னால் அவரால் என்ன செய்ய முடியும்? சரியாகச் சில மாதங்கள் பிடிக்கும். நண்பனும் அதையே போடுகிறானா என்று கேளுங்கள்.

கேள்வி: ட்ரெட்டினாயின் போட்டு எட்டு மாதத்தில் பரு சுத்தமாகப் போய்விட்டது. இன்னும் எத்தனை நாள் போட வேண்டும்? என் ட்யூபின் படத்தை அனுப்பியிருக்கிறேன்.

பதில்: நிறுத்தினால் அடைப்புகள் மறுபடி உருவாகும், சிலருக்கு ஓரிரு மாதத்திலேயே. அதனால் வாரத்தில் இரண்டு மூன்று இரவாகக் குறைத்துத் தொடருங்கள், வருடக்கணக்கில் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். முகத்தில் வேக்ஸிங் செய்வதாக இருந்தால் ஒரு வாரம் முன்பே கிரீமை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் முடியோடு தோலும் வரும்.

அப்புறம், படத்தில் உங்கள் ட்யூப் ஜன்னல் திட்டில், வெயில் விழுகிற இடத்தில், மூடி இல்லாமல் நிற்கிறது. மூடியைத் தேடிப் போட்டு அலமாரிக்குள் வையுங்கள்.