கொழும்பில் அனிமேட்டர் வேலை என்றால் தினமும் என்ன செய்ய வேண்டும்? வரையத் தெரிந்திருக்க வேண்டுமா?

முப்பரிமாண அனிமேஷனுக்கு அழகாக வரையத் தெரிய வேண்டியதில்லை. குச்சி மனிதனைக் கீறிக் காட்டினால் போதும். ஆனால் உடம்பின் பாரம் எந்தக் காலில் நிற்கிறது என்று பார்க்கத் தெரியாவிட்டால் அனிமேஷன் மென்பொருள்களான மாயாவும் கைகொடுக்காது, பிளெண்டரும் கைகொடுக்காது.

உங்களிடம் வருவது பெரும்பாலும் மூன்று நான்கு செக்கன் ஷொட். ஸ்டோரிபோர்ட் (காட்சிகளை வரைந்த படத்தொடர்), குரல் பதிவு, ரிக் (அசைப்பதற்கான எலும்புக்கூடு) போட்ட பாத்திரம் எல்லாம் தயாராக இருக்கும். சிறிய ஸ்டூடியோ என்றால் அவையும் உங்கள் தலையில்தான். முதலில் அந்த அசைவை நீங்களே நடித்து போனில் எடுங்கள். பிறகு பிளாக்கிங்: முக்கிய நிலைகளை மட்டும் வைத்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும்படி டைரக்டரிடம் காட்டுங்கள். திருத்தமெல்லாம் இங்கேயே வாங்கிவிட வேண்டும். ஸ்பிளைனுக்கு, அதாவது நிலைகளை வளைகோடுகளால் இணைத்துச் சீரான அசைவாக்கும் கட்டத்துக்குப் போன பின் ஒரு நிலையை மாற்றினால் அதைச் சுற்றியுள்ள வளைகோடுகளை எல்லாம் திரும்பவும் சரிசெய்ய வேண்டிவரும்.

நடைதான் அடிப்படைப் பயிற்சி. செக்கனுக்கு 24 பிரேம் (தனிப்படம்) என்றால் சாதாரண நடையில் ஓர் அடிக்கு 12 பிரேம். 1இல் குதிக்கால் நிலத்தைத் தொடும், 4இல் உடம்பு ஆகக் கீழே இறங்கும், 7இல் மற்றக் கால் கடந்து போகும், 10இல் உடம்பு ஆக மேலே, 13இல் மற்றக் குதிக்கால் தொடும். 25ஆவது பிரேம் 1இன் பிரதி. அதையும் சேர்த்து ஓடவிட்டால் ஒவ்வொரு சுற்றிலும் நடை திக்கும், 24இல் நிறுத்துங்கள். பாத்திரம் மிதப்பதுபோல இருந்தால் அநேகமாக 4இல் இடுப்பு போதியளவு இறங்கவில்லை. ஊன்றிய கால் வழுக்கினால் இடுப்பு முன்னே போகும் வேகம் அடியின் நீளத்தோடு பொருந்தவில்லை. முழங்கால் வெடுக்கென்று நிமிர்ந்தால் பாதம் கால் எட்டாத தூரத்தில் இருக்கிறது; இடுப்பைக் கொஞ்சம் இறக்கினால் சரி. புறக்கோட்டையில் மூட்டை சுமக்கும் நாட்டாமிமாரை நின்று பாருங்கள். அடி குறுகும், முழங்கால் மடிந்தே இருக்கும், நெஞ்சு முன்னே சாயும். எந்த டியூட்டோரியலும் பாரத்தை இவ்வளவு தெளிவாகக் காட்டாது.

இங்கே ஒரே விளம்பரத்தைச் சிங்களத்திலும் தமிழிலும் கேட்பார்கள். வாயசைவைத் தனி லேயரில் வைத்தால் உடம்பைத் தொடாமல் மொழியை மாற்றலாம். எல்லா எழுத்துக்கும் வாய் போடாதீர்கள், வாய் படபடக்கும். ப, ம வரும்போது உதடு குறைந்தது 2 பிரேமாவது மூடியிருக்கட்டும். அதுவும் ஒலிக்கு ஒரு பிரேம் முந்தி.

இலங்கைத் தொலைக்காட்சிக்கு 25 பிரேம். பிளெண்டர் 24இல் தொடங்கும், ஆகவே வேலை தொடங்க முன்பே மாற்றுங்கள். கடைசியில் மாற்றினால் செக்கனுக்கு ஒரு பிரேம் இரட்டித்து, கமரா பக்கவாட்டில் நகரும் இடமெல்லாம் துடிக்கும்.

20 செக்கன் விளம்பரம் 500 பிரேம். ரெண்டர், அதாவது கணினி இறுதிப் படத்தை உருவாக்குவது, பிரேமுக்கு 4 நிமிடம் என்றால் 33 மணித்தியாலத்துக்கு மேல் ஓடும். நேரடியாக வீடியோ கோப்பாக எடுத்து இடையில் கரண்ட் போனால் அநேகமாக முழுவதும் போய்விடும். ஒவ்வொரு பிரேமும் தனிப் படக்கோப்பாக வரும் பிஎன்ஜி வரிசையாக எடுங்கள், நின்ற பிரேமிலிருந்து தொடரலாம்.

வேலைக்கு அனுப்பும் ஷோரீல் (உங்கள் வேலைகளின் தொகுப்பு வீடியோ) ஒரு நிமிடத்துக்குள் இருக்கட்டும், ஆகச் சிறந்தது முதலில். ரெண்டர் செய்யாத சாம்பல் நிறப் பாத்திரமே போதும். குழுவாகச் செய்த ஷொட்டில் எந்தப் பகுதி உங்களுடையது என்று கீழே எழுதிவிடுங்கள்.