தடம் தெரிந்தால் நின்றுவிடுங்கள்

கேள்வி: போன சனிக்கிழமை இரவு, ஒரு குழுவோடு சேர்ந்து சென்னைக் கடற்கரையில் ஆமை பார்க்கப் பிள்ளைகளுடன் போனோம். ஓர் ஆமை கரையேறியது. நாலைந்து பேர் செல்போன் விளக்கைப் போட்டதும் முட்டையிடாமலே கடலுக்குத் திரும்பிவிட்டது. பிள்ளைகளுக்கு ஒரே அழுகை. நாங்கள் போனதே தப்பா?
– ஒரு வாசகி, தாம்பரம்

பதில்: போனது தப்பில்லை அம்மா, விளக்குதான் தப்பு. இரவில் ஆமை தேடி நடக்க ஆரம்பித்த முதல் வருஷம் நானும் அதே காரியத்தைச் செய்தவன். நீலாங்கரை தாண்டி மணலில் டிராக்டர் டயர் பதிந்த மாதிரி ஓர் ஆமைத் தடம். ஆசை தாங்காமல் டார்ச்சை அடித்தேன். பாதி தூரம் ஏறியிருந்த ஆமை அப்படியே திரும்பிவிட்டது. கூட வந்த பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை, டார்ச்சை மட்டும் வாங்கிக்கொண்டார்.

பிள்ளைகளிடம் சொல்லுங்கள், அந்த ஆமை பெரும்பாலும் அன்றிரவோ அடுத்த ஓரிரு இரவிலோ வேறு இடத்தில் ஏறி முட்டையிட்டிருக்கும். நம் கரைக்கு வரும் பங்குனி ஆமை (ஆலிவ் ரிட்லி) கரையேறும்போதும் குழி தோண்டும்போதும்தான் ரொம்ப மிரளும். பின்துடுப்பால் ஒன்றரை அடி ஆழம் தோண்டி, முட்டை விழ ஆரம்பித்த பிறகு அவ்வளவு எளிதில் எழுந்து போகாது. நூறு முட்டைக்கு மேல் இடும். அதனால் தடம் தெரிந்ததும் நின்றுவிடுங்கள். முட்டையிடத் தொடங்கியதைத் தன்னார்வலர் பார்த்துவிட்டுக் கூப்பிட்டால், அதன் பின்பக்கமாகப் போய் உட்காருங்கள். ஃபிளாஷ் கூடவே கூடாது.

இங்கே மாணவர்கள் 1988-லிருந்து இரவெல்லாம் நடந்து முட்டைகளைப் பொரிப்பகத்துக்குக் கொண்டுபோய்க் காக்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் பத்துப் பதினைந்து பேர் சத்தமில்லாமல் நடப்பதால் கெடுதல் இல்லை. ஐம்பது பேரைக் கூட்டிப்போய் ‘ஆமையைக் காட்டியே தீருவோம்’ என்பவர்களோடு போகாதீர்கள். முக்கால்வாசி இரவுகளில் எங்களுக்கே வெறும் மணல்தான்!

அப்புறம், பொரிப்பகத்துக் குஞ்சுகளைக் கடலுக்கு விடும் நாளில் பிள்ளைகளை அழைத்துப் போங்கள். முட்டை பொரிய 45 முதல் 60 நாள் ஆகும். குஞ்சுகள் வெளிச்சம் தெரியும் பக்கம்தான் ஓடும், அதனால் அன்றும் செல்போன் பைக்குள் இருக்கட்டும். குஞ்சுகளைக் கையில் தூக்கித் தண்ணீரில் விட வேண்டாம், அவையே ஊர்ந்து போகட்டும். நம் கால் பதிந்த குழிகளில் விழுந்தால் ஏற முடியாமல் தவிக்கும். குஞ்சுகளை விடுவதற்கு முன்பே அந்தக் குழிகளைக் கையால் நிரவிவிடும் வேலையை உங்கள் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுங்கள்.